உண்ணல் கோளாற்றிலிருந்து மீள்வோருக்கு வழித்துணை

உணவு போதாமையால் உண்டாகும் மெலிவைக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் நன்கறிவர். எடை பார்க்கும் கருவி, கையின் சுற்றளவை அளக்கும் நாடா, இரும்புச் சத்து மாத்திரை, சத்துமாவு ஆகியவை அவர்களுடைய அன்றாடப் பணியில் இடம் பெற்றவை. ஆயினும், வீட்டில் உணவு இருந்தும் உண்ண இயலாமல் உடல் வற்றிப்போகும் நிலை ஒன்று உண்டு. அளவின்றி உண்டுவிட்டு, பின்னர் அச்சத்தினால் மறைவில் சென்று வாந்தியெடுக்கும் நிலையும் உண்டு. இவை உண்ணல் கோளாறுகள் எனப்படும். இவை பிடிவாதமோ கெட்ட பழக்கமோ அல்ல. உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே தாக்கும் நோய்கள். மருத்துவமனையில் தொடங்கும் சிகிச்சை வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்தால்தான் இந்நோயாளிகள் முழு நலம் பெற முடியும். அத்தொடர்ச்சிக்குத் துணைநிற்போர் யார், அவர்கள் செய்யத்தக்கதும் தகாததும் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தன்மை

பசியின்றி மெலியும் நோயை 1873-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிஸில் லசேக் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். கல் இட்ட ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. இப்பெயர் ஒருவகையில் பொருத்தமற்றது. ஏனெனில், நோயாளிக்குப் பெரும்பாலும் பசி இல்லாமலில்லை. பசியை அடக்குவதே அவருடைய முழுநேர வேலையாகி விடுகிறது. மிகுதியாக உண்டு வெளியேற்றும் ‘புலிமியா நெர்வோசா’வை 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் தனி நோயாக வரையறுத்தார். வெளியேற்றுதல் இல்லாமல் கட்டுமீறி உண்ணும் கோளாறு 2013-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடம் பெற்றது.

இந்நோய்களின் கொடுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பீட்டின்படி, அனோரெக்சியா உள்ளோரிடையே மரண விகிதம் அதே வயதினரைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறு மடங்காகும். அம்மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலையினால் நேர்ந்தது. ஆகவே இது தானே சரியாகிவிடும் என்று காத்திருப்பது அபாயமானது.

பட்டினியே மனத்தை மாற்றும்

இந்நோயாளிகள் எரிச்சல் கொள்கின்றனர், நண்பர்களைத் தவிர்க்கின்றனர், உண்ணாமலே எப்பொழுதும் உணவைப் பற்றிப் பேசுகின்றனர், பிறருக்குச் சமைத்துப் பரிமாறுகின்றனர். இதைக் காணும் குடும்பத்தார் பெண்ணின் குணமே கெட்டுவிட்டது என்று வருந்துவர். இக்கருத்து எவ்வளவு தவறானது என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. 1944–45-ஆம் ஆண்டுகளில், ஆன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானியின் மேற்பார்வையில், உடலும் உள்ளமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, ஏறக்குறைய ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களுடைய எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களும் எரிச்சலும் சோர்வும் அடைந்தனர்; தனிமையை நாடினர்; சமையல் நூல்களைப் படிப்பதில் மணிக்கணக்காக ஈடுபட்டனர். மீண்டும் உணவு தாராளமாகக் கிடைத்தபொழுது, அவர்களிற் பலர் நெடுநாள்வரை அளவுக்கு மேல் உண்டனர். மனநிலை சீராவதற்கும் மாதக்கணக்காயிற்று.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, நோயாளியின் குணமாற்றத்திற் பெரும்பகுதி பட்டினியின் விளைவாகும். ஆதலின் கண்டித்துப் பயனில்லை, உணவூட்டலே முதல் மருந்து. இரண்டாவது, எடை கூடியவுடன் மனம் தேறிவிடுவதில்லை. உடல் தேறிய பின்னும் மனம் தேறாதிருக்கும் இந்த இடைக்காலத்தில் நோயாளி மருத்துவமனையை விட்டு வீடு திரும்பியிருப்பார். சுற்றத்தார் “உடம்பு தேறிவிட்டதே, இனி என்ன குறை?” என்பர். துணை மிகுதியாகத் தேவைப்படும் காலம் இதுவே.

நம் நாட்டு நிலை

உண்ணல் கோளாறு மேனாட்டுச் செல்வர்களின் நோய் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாள் நிலவியது. 1998-இல் வெளியான ஆய்வொன்றில், சென்னையில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தபொழுது, அவர்களில் நூற்றுக்குப் பதினைவர் அளவில் உண்பது பற்றிய மனத்துயரம் உடையவராக இருந்தனர். முழு நோயின் அளவை எட்டாத நிலை அது எனினும், கவனிக்கத்தக்கதே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2000 முதல் 2005 வரை மனநலச் சிகிச்சைக்கு வந்த சிறுவர் சிறுமியரின் பதிவேடுகளை ஆராய்ந்ததில், 41 பேருக்கு உண்ணல் கோளாறு இருந்தது தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மனவேதனையினால் உண்டான வாந்தியுடன் வந்தவர்கள். அனோரெக்சியா உடையோர் ஏழில் ஒருவரே. ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் மற்றொன்றையும் கண்டனர். மேனாட்டு நூல்கள் கூறும் ‘பருத்துவிடுவோம்’ என்னும் அச்சத்தைச் சொல்லாமல், வயிறு நிறைந்துவிட்டது, நெஞ்சில் அடைக்கிறது, பசியில்லை என்று மட்டுமே கூறும் நோயாளிகள் ஆசிய நாடுகளில் உள்ளனர். இவர்கள் பல காலம் வயிற்று மருத்துவரிடமே அலைய நேரிடும்.

உருவத்தைப் பற்றிய கவலை வெளியிலிருந்தும் வந்து சேரும். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டில் எடை குறைப்பதற்காக வாந்தியெடுத்ததாகக் கூறிய பள்ளி மாணவி எவரும் இலர். 1998-இல் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு கூறினர். இன்று நம் மாணவியரின் கையிலுள்ள கைப்பேசி அத்தொலைக்காட்சியினும் வலிமை மிக்கது.

மூன்று பகுதிகள், மூன்று திரைகள்

மும்பை மாநகரின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இந்நோய் எங்ஙனம் கண்ணுக்குத் தப்புகிறது என்பதை இம்மூன்று இடங்களையும் கொண்டு விளங்கிக் கொள்ளலாம்.

தாராவியில் ஒரு பெண் மெலிந்தால் வறுமை, சோகை, காசநோய் ஆகியவற்றையே எவரும் முதலில் நினைப்பர். அவ்வாறு நினைப்பது முறையே. அவற்றுக்குரிய பரிசோதனைகளும் முதலில் செய்யப்பட வேண்டும். பொதுக் கழிப்பிடத்தை நம்பியுள்ள தெருக்களில், இரவில் வெளியே செல்ல அஞ்சி, மாலைக்குப் பின் சோறும் நீரும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இது நோயன்று, வசதிக் குறைவினால் வந்த துன்பம். ஆனால் பரிசோதனைகள் யாவும் குறையில்லை என்று காட்டிய பின்னும், உணவு கிடைத்த பின்னும் மெலிவு நீடிக்குமாயின், மனத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மாட்டுங்காவின் நடுத்தரக் குடும்பங்களில் திரை வேறு வகையானது. தேர்வுக்குப் படிக்கும் மாணவி இரவு உணவைத் தள்ளினால் ‘படிப்பில் கவனம்’ என்பர். இனிப்பை ஒதுக்கினால் ‘கட்டுப்பாடுள்ள பெண்’ என்பர். செம்பூரிலும் பிற இடங்களிலும் ஏகாதசி, கிருத்திகை, நவராத்திரி என்று நோன்பு நோற்பது குடும்ப வழக்கம். நோன்புக்கும் நோய்க்கும் வேறுபாடு எளிதில் அறியத்தக்கதே. நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, பாரணை உண்டு, அதைக் குடும்பத்தார் கூடிக் கொண்டாடுவர். நோய்க்கோ முடிவு நாள் இல்லை. ஒரு நோன்பு முடியுமுன் மற்றொன்றைத் தேடுவதும், பாரணையன்று அஞ்சி அழுவதும், பிரசாதத்தையும் மறைத்து வைப்பதும் ஐயத்திற்குரியவை.

இவை யாவற்றின் மேலும் கவிந்திருப்பது மண உறவு பற்றிய கவலை. பெண்ணுக்கு மனநோய் என்று பேச்சு எழுந்தால் வரன் அமையாது எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அடுத்த வீட்டுப் பேச்சு சுவரைத் தாண்டிக் கேட்கும் நெருக்கமான குடியிருப்புகளில் இவ்வச்சம் இன்னும் பெரிது. சிகிச்சையை நடுவில் நிறுத்துவதற்கும் இதுவே காரணமாகி விடுகிறது.

குடும்பமே முதல் துணை

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தலே நலம் என்று பழைய மருத்துவர்கள் கருதினர். நம் நாட்டு அனுபவம் வேறு வழியைக் காட்டிற்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடமின்மையால் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குதல் சிகிச்சையின் அங்கமாகவே ஆக்கப்பட்டது. இவ்விரண்டும் உண்ணல் கோளாற்றுக்கென ஏற்பட்டவை அல்ல. எனினும், உறவினர் நோயைப் புரிந்துகொண்டால் வீடு திரும்பிய பின் நிலை குலையாது என்பதை அவை காட்டின.

உண்ணல் கோளாற்றில் இதே கொள்கையை இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து 1987-இல் முடிவை வெளியிட்டனர். இளம் வயதில் நோய் தொடங்கி மூன்றாண்டு நிரம்பாதவர்களுக்குத் தனிச் சிகிச்சையினும் குடும்பத்தோடு கூடிய சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. அம்முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில், உணவைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கின்றனர். எடை கூடிய பின், அப்பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கின்றனர். கடைசியில், படிப்பு, நட்பு முதலிய வயதுக்குரிய வாழ்க்கைக்கு வழி செய்கின்றனர். இம்முறை பெற்றோரைக் குற்றவாளிகளாகக் கருதுவதில்லை. ‘வளர்த்த விதம்’ என்று தாயைப் பழிக்கும் களப் பணியாளர் தம் சிறந்த கூட்டாளியை இழந்து விடுகிறார்.

அண்டை அயலாரின் துணை

குடும்பம் மட்டுமே இச்சுமையைத் தாங்க இயலாது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பகலுணவைக் கவனிப்பார் இலர். அங்கே வீடு தேடி வரும் பணியாளரின் அருமை விளங்கும். இதற்கு மிக அண்மையான சான்று தாராவியிலேயே உள்ளது. சயான் மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளின் மருத்துவராயிருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ், 1989-இல் அங்கு ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை ஏற்படுத்தியவர். அவர் 1999-இல் தொடங்கிய ‘ஸ்நேகா’ என்னும் தொண்டு நிறுவனம், அங்கன்வாடிகளுடன் சேர்ந்து தாராவியில் மெலிந்த குழந்தைகளைக் கண்டறிந்து, மருத்துவ உணவு வழங்கி, வீடுதோறும் சென்று தாய்மாருக்கு வழிகாட்டி வந்தது. 2018-இல் வெளியான மதிப்பீட்டின்படி, பணி நடந்த இடங்களில் மெலிந்த குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 18-லிருந்து 13-ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பிற இடங்களில் சிறிதளவே குறைந்தது.

குழந்தையின் ஊட்டக் குறைவும் இளம்பெண்ணின் உண்ணல் கோளாறும் ஒன்றல்ல. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஆனால் துணைநிற்கும் முறையில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. உணவுப் பொருளை மட்டும் கொடுத்து அனுப்பாமல், அதை ஊட்டுபவரோடு உட்கார்ந்து பேசும் ஒருவர் அங்கே இருந்தார். எல்லா வீடுகளுக்கும் வழக்கமாகச் சென்று வருபவர் ஒரு வீட்டில் சற்றுக் கூடுதலாக அமர்ந்தால் அண்டை வீட்டார் ஐயுறுவதில்லை. மனநல மருத்துவரின் பெயரைச் சொல்லவும் அஞ்சும் குடும்பத்திற்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

பட்டம் பெற்ற மருத்துவர் அல்லாதவரும் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றால் மனநோய்க்கு உதவ முடியும் என்பதைக் கோவாவில் நடந்த ஆராய்ச்சிகளும் மெய்ப்பித்துள்ளன. அங்கே பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மனச்சோர்வு உடையோருக்கு ஆலோசனை கூறி நற்பயன் கண்டனர். அதன் முடிவுகள் 2010-இலும் பின்னரும் வெளியாயின. உண்ணல் கோளாற்றில் உடல் அபாயம் மிகுதியாதலின், இத்தகையோர் மருத்துவருக்கு மாற்றாக அமைய முடியாது. மருத்துவரோடு இணைந்து பணிபுரிதலே ஏற்றது.

வழித்துணைவர் யார்?

தாமே இந்நோயிலிருந்து மீண்டவர், இப்பொழுது மீண்டு வருபவருக்குத் துணைநிற்கும் முறை சில நாடுகளில் தோன்றியுள்ளது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலும் அமெரிக்காவிலும் இதனைச் சிறிய அளவில் சோதித்து, பயன் தரத்தக்கது என்று கண்டுள்ளனர். ஆய்வுகள் சிறியனவாதலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் சிகிச்சையோடு சேர்ந்த துணையாகவே கொள்ளல் வேண்டும்.

மருத்துவர் தர முடியாத ஒன்றை இவ்வழித்துணைவர் தருகிறார். “முதல் இட்லியை உண்டபின் வரும் அச்சம் அரை மணி நேரத்தில் தணியும்; எனக்கும் அப்படித்தான் தணிந்தது” என்று அவர் கூறும்பொழுது, நோயாளி நம்புகிறார். நோயற்ற வாழ்வு ஒன்று இருக்கிறது என்பதற்கு அவரே கண்கண்ட சாட்சி.

எனினும், மீண்டவர் எல்லோரும் இப்பணிக்கு உடனே தக்கவர் ஆகார். கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. அவர் நோய் நீங்கி நெடுநாள் நிலையாக இருப்பவராக இருத்தல் வேண்டும். அதனை அவருடைய மருத்துவர் ஏற்றல் வேண்டும்.

2. அவருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். பிறர் துன்பத்தைக் கேட்கையில் பழைய நோய் தலைதூக்கினால் அவர் தயக்கமின்றி விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

3. தம் குறைந்த எடை எவ்வளவு, எத்தனை நாள் உண்ணாதிருந்தோம், எவ்வாறு மறைத்தோம் என்பனவற்றை அவர் கூறலாகாது. நோயுற்ற மனம் அவற்றைப் போட்டிக்குரிய இலக்காகக் கொள்ளும். இதே காரணத்தால், கடும் நோயிலுள்ள சில பெண்களை மேற்பார்வையின்றி ஒன்றாகக் கூட்டி வைப்பதும் தீங்காகலாம்.

4. எடை பார்த்தலும் உணவின் அளவை நிர்ணயித்தலும் அவருடைய வேலையல்ல. உடன் அமர்ந்து உண்ணுதல், உண்டபின் சிறிது நேரம் பேச்சுத் துணையாக இருத்தல், குறித்த நாளில் தவறாது வருதல் ஆகியவையே அவருடைய வேலை.

5. கேட்டதைப் பிறரிடம் கூறலாகாது. உயிருக்கு அபாயம் என்று தோன்றினால் மட்டும் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கூறுவார் என்பதை முதல் நாளிலேயே தெரிவித்து விடுதல் நேர்மை.

இத்தகைய வழித்துணைவர் கிடைக்காத இடங்களே நம் நாட்டில் மிகுதி. அங்கே அன்புள்ள அத்தையோ, அக்காளோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியையோ இவ்விதிகளில் பெரும்பாலானவற்றைப் பின்பற்றித் துணைநிற்கலாம். நோய் அனுபவம் இல்லாமற்போனாலும், தவறாமல் வருதல் என்னும் ஒன்றே பெருந்துணையாகும்.

பள்ளியில் செய்யத்தக்கவை

மத்திய அரசு 7-1-2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில், ஊட்டச்சத்தும் மனநலமும் ஒருங்கே இடம் பெற்றுள்ளன. ‘சாத்தியா’ என்னும் பெயரில் ஒத்த வயதுடைய துணைவர்கள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின்படி, பள்ளிக்கு இரு ஆசிரியர்கள் நலத் தூதர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். உண்ணல் கோளாற்றை அறிந்துகொள்ளுதல் இவ்விரு திட்டங்களின் பணியோடும் நன்கு பொருந்தும்.

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து உரக்கப் படித்தல் கூடாது. ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’ முதலிய பட்டப்பெயர்களைப் பள்ளியில் அனுமதிக்கலாகாது. மெலிந்த மாணவியிடம் “ஏன் சாப்பிடுவதில்லை?” என்று வினவுவதற்குப் பதிலாக, “சில நாட்களாக நீ சோர்வாயிருக்கிறாய்; பகலுணவு வேளையில் தனியே போய்விடுகிறாய். உன்னைப் பற்றிக் கவலையாக இருக்கிறது” என்று தனிமையில் கூறுதல் நலம். கண்டதைக் கூற வேண்டும். நோயின் பெயரை ஆசிரியர் சூட்ட வேண்டியதில்லை. அவள் மறுத்தால் வாதம் செய்யாமல், சில நாட்களுக்குப் பின் மீண்டும் பேசலாம். சிகிச்சை முடிந்து திரும்பும் மாணவியிடம் “நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய்” என்று கூறுவது அன்பின் மொழியாயினும், அவள் காதில் ‘பருத்துவிட்டாய்’ என்றே விழும். “நீ வந்தது மகிழ்ச்சி” என்றால் போதும். பையன்களுக்கும் இந்நோய் வரும் என்பதை மறத்தலாகாது.

உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள்

மயக்கம், நாடித்துடிப்பு மிகக் குறைதல் அல்லது தாறுமாறாதல், கைகால் சில்லிட்டு நீலம் பாரித்தல், எழுந்து நிற்க இயலாமை, ஓயாத வாந்தி, சில வாரங்களில் விரைவான எடைக் குறைவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்கலாகாது. அடிக்கடி வாந்தியெடுப்போருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயம் திடீரென நின்றுவிடலாம். இத்தகையோர் பார்வைக்கு மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை; பல்லின் எனாமல் தேய்தலும், காதுக்கருகில் கன்னம் வீங்குதலும், விரல் கணுக்களில் தழும்பும் அடையாளங்களாகும்.

நெடுநாள் உண்ணாதவருக்கு இரக்கத்தினால் ஒரே நாளில் விருந்து படைத்தலும் ஆபத்தே. திடீரென மிகுந்த உணவு சென்றால் இரத்தத்தில் பாஸ்பரஸ் முதலிய உப்புகள் குறைந்து உயிருக்கே கேடு நேரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான பட்டினிக் கைதிகளிடம் இது தெளிவாக அறியப்பட்டது. எனவே தொடக்க உணவூட்டல் மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெறல் வேண்டும்.

தாராவி, மாட்டுங்கா மக்களுக்குச் சயான் மருத்துவமனை அருகிலுள்ளது. அங்கே மனநோய்ப் பிரிவும் உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பெறலாம். எங்கு அனுப்புவது என்று தெரியாத பணியாளருக்கும் இது பயன்படும்.

இந்நோயிலிருந்து மீளுதல் மாதக் கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் நடைபெறுவது. நடுவில் பின்னடைவு வருதல் இயல்பு. அதனால் முன்பு செய்ததெல்லாம் வீணாயிற்று என்று பொருளில்லை. களப் பணியாளர் தம் வருகைக் குறிப்பேட்டில் மருந்து, எடை ஆகியவற்றிற்குரிய கட்டங்களோடு, ‘இவ்வாரம் இப்பெண் யாருடன் அமர்ந்து உண்டாள்?’ என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கொள்வாராக. விடை தொடர்ந்து ‘ஒருவரும் இல்லை’ என்றிருக்குமாயின், எடை கூடியிருந்தாலும் அவ்வீட்டிற்கு அடுத்த வாரமும் செல்ல வேண்டும்.